பூட்டிக் கிடக்கும் மாடி வீடு, கத்திரி வெயில்: மூன்று மாதக் காப்பு வேலை

சென்னையில் வாடகை வீடு மாறுவது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கில்தான். முழுப் பரீட்சை முடிந்ததும் குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்தவர் ஜூனில் பள்ளி திறக்கும் சமயத்தில்தான் வந்து பால் காய்ச்சுவார். நடுவில் வருஷத்திலேயே கொடுமையான வெயில் காலம் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. ஆனால் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு. அதனால் ஜூன் நடுவரை காப்பு எதையும் பிரிக்க வேண்டாம்.

பூட்டிய வீட்டில் வெயில் நேராக உடைப்பது கொஞ்சம்தான். தண்ணீரை வற்ற வைத்துக் கெடுப்பதே அதிகம். ஆள் குடியிருக்கும் வீட்டில் தினம் குழாய் திறக்கிறார்கள், ஃப்ளஷ் இழுக்கிறார்கள், மோட்டார் ஓடுகிறது, ஜன்னல் திறக்கிறது. இவை எல்லாமே பராமரிப்பு வேலைகள், யாரும் அப்படி நினைப்பதில்லை, அவ்வளவுதான். ஆள் போனதும் அவை ஒரே நாளில் நின்றுவிடும். கீழே உள்ள வேலைகள் எல்லாம் அதற்கு மாற்று ஏற்பாடு.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வீடு இது: தனி வீட்டின் மேல் மாடி, இரண்டு படுக்கை அறை, இரண்டு குளியலறை, தலைக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம், மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், பக்கத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர், கீழே சம்ப், போர். அடுக்குமாடியில் நடு மாடி என்றால் தளத்து வேலையும் சோலார் வேலையும் கிடையாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

வேலை இரண்டு நாள். அதன்பின் 15 நாளுக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம்.

தரைத் துவாரங்களில் தொடங்கவும்

முதல் வேலை குளியலறை ட்ராப். தரையில் ஜாலிக்கு அடியில் இருக்கும் நஹானி ட்ராப், வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாய், கழிவறைப் பீங்கானின் கழுத்து, எல்லாவற்றிலும் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாயுவையும் கரப்பானையும் வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். பூட்டிய வீட்டின் வெக்கையில் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் அது வற்றிவிடும். வற்றியதும் நாற்றம் வரும். அது சின்ன விஷயம். சாக்கடை வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு பித்தளை, செம்பு, வெள்ளி எதைத் தொட்டாலும் கருக்க வைக்கும். இரண்டு மாதம் கழித்துக் கதவைத் திறந்ததும் கதவுக் கைப்பிடி கறுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் குளியலறைத் தரையில்தான் இருக்கும்.

வற்றாமல் இருக்க எண்ணெய்ப் படலம் போட வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இதற்குச் சரியானது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வேண்டாம். சிக்குப் பிடித்து, எறும்பையும் கரப்பானையும் அதுவே கூப்பிடும். முதலில் ஒவ்வொரு ட்ராப்பையும் சுத்தம் செய்து, முடியும் சோப்பும் எடுத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி நிரப்பவும். தண்ணீர் அசைவு நின்றதும் எண்ணெயை ஓரமாக, மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் பாதி அந்தப் பக்கம் போய்விடும். தரை ட்ராப் ஒன்றுக்கு 75 மில்லி, வாஷ்பேசின், சிங்க் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி, கழிவறைப் பீங்கானுக்கு 100 மில்லி. இரண்டு குளியலறைத் தரை, துணி துவைக்கும் இடம், இரண்டு பேசின், ஒரு சிங்க், இரண்டு பீங்கான் சேர்த்தால் 485 மில்லி வருகிறது. முதல் தடவைக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும். படலம் இருந்தால் கொசுப்புழுவும் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

எண்ணெய் வீட்டுப் பக்கத் தண்ணீரின் மேல்தான் மிதக்கும். சாக்கடைப் பக்கத் தண்ணீர் திறந்தே இருக்கும். பரவாயில்லை. அந்தப் பக்கக் காற்று ஏற்கெனவே ஈரமானது, அங்கே வற்றுவது மிக மெதுவாக நடக்கும்.

தரை ஜாலியின் மேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரைப் பரப்பி, அதன்மேல் இரண்டு கை மணல் போட்டுக் கட்டிய இன்னொரு பையை வைக்கவும். மணல் பை ஜாலியின் வடிவத்துக்குப் படிந்து உட்காரும், செங்கல் உட்காராது. கழிவறைப் பீங்கானில் மூடியை மூடுவதற்கு முன் வாயில் ஒட்டுப் பிளாஸ்டிக் சுற்றினால் நல்லது.

அளந்து பார்க்கத் துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் நுனியிலிருந்து 2, 5 சென்டிமீட்டரில் கோடு போட்டு, ட்ராப்பில் விட்டு எடுத்தால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 2-க்குக் கீழே போனால் தண்ணீர் விட்டு, மறுபடி எண்ணெய்.

வால்வை மூடினால் மட்டும் போதாது

பூட்டும்போது டேங்க் வால்வை மூடிவிட்டுப் போவது எல்லாரும் செய்வது. பாதி வேலை செய்தால் முழுக் கேடு என்பதற்கு இது உதாரணம். மேலே வால்வு மூடியிருக்கிறது, கீழே எல்லாக் குழாயும் மூடியிருக்கின்றன. நடுவில் தண்ணீர் நிறைந்த பைப். மொட்டை மாடியில் வெயிலில் ஓடும் பைப்பில் நிற்கும் தண்ணீர் மதியத்தில் 60 டிகிரியைத் தொடும். 30 டிகிரியிலிருந்து 60-க்குப் போகும்போது தண்ணீர் சுமார் 1.25 சதவிகிதம் விரிகிறது. 10 லிட்டர் தண்ணீரில் அது 125 மில்லி, ஒரு சின்ன டம்ளர். வால்வு திறந்திருந்தால் அந்த டம்ளர் டேங்குக்குத் திரும்பிப் போகும். மூடியிருந்தால் போக இடமில்லை. பைப்பும் ட்யூபும் உப்பி இடம் கொடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி ஹெல்த் ஃபாசெட் (கழிவறைக் கைத்தெளிப்பான்) ட்யூபும், கெய்சருக்கும் பேசினுக்கும் போகும் பின்னல் ட்யூபும்தான். தினம் ஒருமுறை உப்பி, ராத்திரி சுருங்கி, ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். மூடிய வால்வு முழுசாக மூடாத பழைய கேட் வால்வாக இருந்தால் டேங்க் தண்ணீர் அத்தனையும் அந்தப் பிளவு வழியாக வீட்டுக்குள் இறங்கும்.

செய்ய வேண்டியது: டேங்க் வால்வை மூடு, வீட்டில் இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திற (குளியலறை வாளிக் குழாய்), இருப்பதிலேயே உயரமான குழாயையும் காற்று போவதற்காகத் திற, தண்ணீர் நின்றதும் உயரமானதை மூடு. வாளிக் குழாயைக் கால் திருகல் திறந்தே விட்டுவிடு. அந்தக் குழாயின் கீழே ஜாலி மூடியிருக்கக் கூடாது, ஆகவே மணல் பையைக் கொஞ்சம் தள்ளி வை. வால்வு கசிந்தால் அது சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்குப் போகும். அடுத்த முறை வரும்போது தெரியும், ட்ராப்பும் நிறைந்திருக்கும். ஹெல்த் ஃபாசெட்டுக்கு உள்ள ஆங்கிள் வால்வைத் தனியாக மூடி, பிடியை அழுத்தி, உள்ளே உள்ளதை வெளியேற்றிவிடவும்.

ஃப்ளஷ் டேங்கை மட்டும் நிறைத்து வைப்பதே மேல். அதன் ரப்பர் வாஷர் தண்ணீரில் ஊறிக் கிடக்கப் பழகியது; காய்ந்தால் வளைந்து, அடுத்த குடித்தனக்காரர் வந்த நாளிலிருந்து ஒழுகும். நிரப்பி, ஆங்கிள் வால்வை மூடி, மூடியின் விளிம்பில் டேப் ஒட்டவும். இல்லையென்றால் கொசு அங்கே குடித்தனம் வைக்கும். 15 நாள் வருகையில் ஒருமுறை ஃப்ளஷ் செய்து நிரப்பினால் பீங்கான் ட்ராப்புக்கும் புதுத் தண்ணீர் கிடைக்கும். எண்ணெய் போய்விடும், மறுபடி 100 மில்லி ஊற்ற வேண்டும்.

கெய்சரில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் உப்புப் படிவம் காய்ந்தால் செதிள் செதிளாக உதிர்ந்து குழாயை அடைக்கும். எம்சிபியை (அதன் கரண்ட் லைனுக்கான பாதுகாப்பு ஸ்விட்சை) இறக்கிவைத்தால் போதும்.

மாடியில் வெளியே ஓடும் வெள்ளை, சாம்பல் பைப்புகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பத்து மீட்டர் நீளப் பிவிசி பைப், ராத்திரிக்கும் மதியத்துக்கும் நடுவே 30 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும். இரண்டு முனையிலும் இறுக்கமாகக் கிளாம்ப் அடித்திருந்தால் நீள இடமின்றி எல்போவை நெம்பும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது பைப் குளிர்ச்சியாக இருப்பதால் இது தெரியாது. ஓட்டம் நின்ற முதல் கோடையில்தான் மூட்டு கசியத் தொடங்கும். நடுவில் உள்ள கிளாம்ப் ஸ்க்ரூக்களை அரைச் சுற்று தளர்த்தி, பைப் விரலால் தள்ளினால் வழுக்கும்படி விடவும். பிறகு தண்ணீரில் கலக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கை (கோட்). எனாமல் பெயிண்ட் கூடாது, அதன் தின்னர் பிவிசியைத் தின்னும்.

சோலார் ஹீட்டர்

இதில் தவறினால் நஷ்டம் பெரிது என்பதால் கொஞ்சம் விரிவாக. கண்ணாடிக் குழல் வகை ஹீட்டரில் தண்ணீர் எடுக்க ஆள் இல்லையென்றால் தினம் சூடு ஏறி, கொதித்து, ஆவி வென்ட் பைப் வழியாகப் போகும். போன அளவுக்கு டேங்கிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வர வேண்டும். வால்வை மூடிவிட்டால் வராது. ஹீட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக் காலியாகும். காலியான குழலுக்குள் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும். குழல் டேங்கில் உட்காரும் இடத்து ரப்பர் வளையம் கெட்டிப்படும். ஜூனில் வந்து, மதியம் இரண்டு மணிக்கு வால்வைத் திறந்ததும் குளிர்ந்த தண்ணீர் போய்த் தாக்கும். குழல்கள் வரிசையாகப் படபடவென்று வெடிக்கும்.

தடுப்பது சுலபம். சாயங்காலம் சூடு தணிந்தபின் குழல்களை முழுக்க மூடிவிட வேண்டும். பழைய சாக்கு இரண்டு அடுக்கு, அதன்மேல் தார்ப்பாய், நைலான் கயிற்றால் சட்டத்தோடு கட்டு. தார்ப்பாய் மட்டும் போட்டால் காற்றில் கிழியும். கிழிந்த இடத்துக் குழல்கள் மட்டும் சூடாகும். வென்ட் பைப்பின் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்க்கவும். ஹீட்டருக்குப் போகும் குளிர்ந்த நீர் வால்வு தனியாக இருந்தால் அதைத் திறந்தே வைக்கலாம், வெந்நீர் இறங்கும் வால்வை மட்டும் மூடினால் போதும்.

பிளாஸ்டிக் டேங்கை முழுக்கக் காலி செய்ய வேண்டாம். காலி டேங்க் லேசானது; கோடை மழையோடு வரும் சூறைக் காற்றில் நகர்ந்து பைப்பை முறித்துவிடும். கால்வாசித் தண்ணீர் விட்டு, மூடியைக் கம்பியால் கட்டவும். கான்கிரீட் தொட்டி என்றால் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் நிற்க வேண்டும், காய்ந்து கிடந்தால் உள்பூச்சு மயிரிழை விரிசல் விடும். அந்தத் தண்ணீரை ஜூனில் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, வெளியேற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தளத்துக்குச் சுண்ணாம்பு

வெறும் கான்கிரீட் தளத்தில் மே மாத மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. மேல் பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு தளத்தைத் தாண்டி உள்ளே வர மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மேல் மாடியில் வெக்கை உச்சம் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு. ஆள் இருந்தால் அந்நேரம் ஜன்னலைத் திறந்து விடுவார்கள். பூட்டிய வீட்டில் சூடு அப்படியே தங்கி, மறுநாள் சூட்டோடு சேரும்.

இன்னொன்று: 10 மீட்டர் நீளமுள்ள தளம் 30 டிகிரி ஏறினால் 3 மில்லிமீட்டர் விரியும். கீழே உள்ள செங்கல் சுவர் அவ்வளவு சூடாகாது, விரியாது. தளம் சுவரைத் தேய்த்துத் தள்ளும். கூரைக்கு அடியில், சுவரின் மேல் ஓரத்தில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் இதனால் வருவது. வீட்டுக்காரர்கள் அஸ்திவாரம் இறங்கிவிட்டதோ என்று பயந்து, கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசுவார்கள். அடுத்த கோடையில் மறுபடி விரிசல் விடும். பூச்சு தேவையில்லை, தளத்தின் சூட்டைக் குறைத்தால் போதும்.

கூல் ரூஃப் பெயிண்ட் நல்லதுதான். விலை அதிகம், சில வருஷம் நிற்கும். ஒரு கோடைக்கு மட்டும் என்றால் சுண்ணாம்பு போதும். 1000 சதுர அடித் தளத்துக்கு, இரண்டு கை அடிக்க, 25 கிலோ சுண்ணாம்பு, 5 கிலோ வெள்ளை சிமெண்ட், ஒரு கிலோ பெவிகால். சுண்ணாம்பை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். பெவிகாலைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து அதில் சேர்க்கவும். வெள்ளை சிமெண்டைக் கடைசியில், ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்கவும், இல்லையென்றால் வாளியிலேயே இறுகிவிடும். பதம், மோருக்கும் தயிருக்கும் நடுவில்.

தளத்தைப் பெருக்கி, கழுவி, ஈரம் தெரியும்போதே அடிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தளத்தில் அடித்தால் தண்ணீரைத் தளம் உறிஞ்சிக்கொண்டு, சுண்ணாம்பு மாவாக மேலே நிற்கும். காலில் ஒட்டும், காற்றில் பறக்கும். சாயங்காலம் ஐந்துக்குமேல் முதல் கை, மறுநாள் சாயங்காலம் குறுக்காக இரண்டாம் கை. அடுத்த இரண்டு நாள் காலையில் தண்ணீர் தெளி. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இதில் பலரும் மறப்பது மழைநீர் பைப்பை. தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், தளத்தில் விழும் தண்ணீர் சம்புக்கோ கிணற்றுக்கோதான் போகும். சுண்ணாம்பு அடித்தபின் வரும் முதல் இரண்டு மழை வெள்ளையாக ஓடும். அந்த இரண்டு மழைக்கும் பைப்பைத் தெருப் பக்கம் திருப்பிவிடவும். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது, ஆகவே அடித்த அன்றே திருப்பிவிடுவது நல்லது. வடிகால் வாயில் கிடக்கும் இலை, குப்பையையும் அன்றே எடுத்துவிடவும்.

மேற்குப் பக்க ஜன்னலுக்குத் திரை உள்ளே போடுவதால் பயன் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். வெளியே, கிரில்லில் இருந்து அரை அடி தள்ளி, 75 சதவிகித நிழல்வலை கட்டுங்கள். பால்கனிக்கும் அப்படியே. குளியலறை வெண்டிலேட்டரையும் சமையலறை எக்ஸாஸ்ட் துவாரத்தையும் கொசுவலை அடித்துத் திறந்தே வைக்கவும். உள்கதவுகள் எல்லாம் திறந்து, ஆப்பு வைத்து நிற்கட்டும். பரண் கதவு, அலமாரிக் கதவு, சிங்க்குக்குக் கீழ்க் கதவு எல்லாம் விரலளவு திறந்திருக்கட்டும்.

உள்ளே இருக்கும் பொருட்கள்

குடித்தனக்காரர் விட்டுப்போகும் சாமான்களில் ஆபத்தானது, பாதி தீர்ந்த கழிவறை ஆசிட் பாட்டில். வெக்கையில் அது மூடிக்குள்ளேயே புகைந்து கசியும். ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, பூட்டிய குளியலறையில் உள்ள எஃகுக் குழாய், கதவுக் கீல், தாழ்ப்பாள், கண்ணாடியின் பின்பூச்சு எல்லாவற்றையும் அரித்துவிடும். எஸ்.எஸ். குழாய் இரண்டே மாதத்தில் துருவேறியிருந்தால் குழாயைக் குறை சொல்லும் முன் மூலையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கவும். அதைக் கட்டாயம் வெளியேற்ற வேண்டும். அதோடு கொசு ஸ்ப்ரே, வாசனை ஸ்ப்ரே டப்பாக்கள் (50 டிகிரிக்குமேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், தளத்துக்கு ஒட்டிய பரண் அதற்கு மோசமான இடம்), தின்னர், பழைய பெயிண்ட், உப்பிய பேட்டரி உள்ள எமர்ஜென்சி விளக்கு, பவர் பேங்க். ரிமோட்டுகளிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் செல்லைக் கழற்றவும். சமையல் சிலிண்டர் இருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, வெள்ளை மூடியைப் போட்டு, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றவும்.

ஃப்ரிட்ஜை நிறுத்தி, ஐஸ் முழுக்க உருகியபின் துடைத்து, பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிட்டு, இரண்டு கதவுக்கும் நடுவே மடித்த துணி வைத்துத் திறந்தபடி கட்டவும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதான். கீழே உள்ள ஃபில்டரைத் திறந்தால் அரை லிட்டர் அழுக்குத் தண்ணீர் வரும், தட்டை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வீட்டுக்காரருடையது என்றால், அதன் மெம்பிரேனைக் கழற்றி, சுத்தமான தண்ணீரோடு ஜிப் பையில் போட்டு, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) வைக்கலாம். காய்ந்த மெம்பிரேன் பழைய வேகத்தில் தண்ணீர் விடாது. உண்மையில் பழசான மெம்பிரேனுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஜூனில் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

இன்வெர்ட்டர் பேட்டரி விலை அதிகம், கவனமும் அதிகம் வேண்டும். வெளியிலும் வெப்பம், உள்ளே சும்மா கிடப்பு என்றால் ஈய-அமில பேட்டரி தானாக இறங்கும். 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. இன்வெர்ட்டரை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டுப் போனால் வேறு மாதிரிக் கேடு: ஓயாமல் சார்ஜாகி டிஸ்டில்ட் வாட்டர் வற்றும், கரண்ட் போகும்போதெல்லாம் இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கே பேட்டரியைக் குடிக்கும்.

பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டு, பிறகு மிதவைக் குறியின் மேல் கோடு வரை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்று (சார்ஜுக்கு முன் ஊற்றினால் கொதிக்கும்போது வழியும், ஆசிட் ஒருபோதும் ஊற்றாதே). இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. முனைகளில் வாசலின். அடுத்த நாள் மல்டிமீட்டரில் 12.5 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். ட்யூபுலர் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் (உள்ளே உள்ள ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.240 காட்டும். பேட்டரியின் ஒரு செல் மட்டும் 1.200-க்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரி ஏற்கெனவே நோயாளி. 12.4-க்கு இறங்கினால் மறுபடி ஏற்றவும். கோடையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் ஏற்றிவிடுவது நல்லது.

மரக் கதவு ஏப்ரல், மே மாதங்களில் சுருங்கி, நிலைக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஐப்பசியில் ஊதி இடிக்கும். ஊதும் நேரத்தில் தச்சரைக் கூப்பிட்டு இழைத்தால் அடுத்த கோடையில் இடைவெளி இன்னும் பெரிதாகும். வீடு காலியாக இருக்கும்போது செய்ய வேண்டியது வேறு: கதவைக் கழற்றி, அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். பெயிண்டர் அங்கே அநேகமாகப் பூசியிருக்க மாட்டார். ஈரம் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த இரண்டு விளிம்பு வழியாகத்தான். பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்து மாட்டவும். அலமாரி லேமினேட் ஓரம் கிளம்பியிருந்தால், துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் தேய்த்து, பழைய பசை இளகியதும் மணல் மூட்டை வைத்து ஒரு நாள் அழுத்தி வைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

15 நாளுக்கு ஒருமுறை

காலை எட்டு மணிக்குள் போகவும். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கினால், முடிக்கும்போது வீடு மூச்சு விட்டிருக்கும். ஈர்க்கால் எல்லா ட்ராப்பையும் அள. ஃப்ளஷ் ஒருமுறை. படுக்கை அறைப் பரணில் ஒன்றும் குளியலறையில் ஒன்றுமாக, உச்சமும் தாழ்வும் நினைவில் வைக்கும் சின்ன டிஜிட்டல் வெப்ப-ஈரப்பத மானி வைத்திருந்தால் குறித்துக்கொண்டு ரீசெட் செய்யவும். ஈரப்பதம் தொடர்ந்து 75-க்குமேல் இருந்தால் எங்கோ கசிகிறது. கரையான் வெளியே மண் காயும்போது வீட்டு ஈரத்தைத் தேடி வரும். குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதியையும் சிங்க்கின் கீழ்ப் பலகையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கவும். பொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளே காலி.

மெயினை ஏற்றி, ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும். போர் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டு. சம்ப் மோட்டாரை ஸ்விட்ச் போடுவதற்கு முன், மெயினை அணைத்த நிலையில், பின்பக்க விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்று. சும்மா கிடந்த மோனோபிளாக் பம்பில் துருவும் உப்பும் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை) பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் உறுமிக்கொண்டே நின்று, உள்ளே உள்ள கம்பிச் சுருள் எரியும். உறிஞ்சும் பைப்பின் அடியில் உள்ள ஃபுட் வால்வு கசிந்து தண்ணீர் இறங்கியிருந்தால், பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய (பிரைமிங்) பிறகே ஓட்ட வேண்டும். தானியங்கி டேங்க் கன்ட்ரோலர் இருந்தால் அதை இந்த மூன்று மாதமும் அணைத்தே வைக்கவும், சம்ப் வற்றி மோட்டார் வறண்டு ஓடும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

ஏசி வெளிப் பெட்டியில் புறா, வடிகால் குழாயின் வாயில் குளவி மண்கூடு. குழாய் வாயில் ஒரு துண்டு கொசுவலை கட்டியிருந்தால் இரண்டாவது வராது.

குடி வரும் முன்தினம்

சோலாரில்தான் தொடங்க வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால். குழல் மூடியபடியே இருக்க, தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் முழுக்க நிரம்பியதை உறுதி செய்தபின் தார்ப்பாயைப் பிரி. மூடாமல் விட்ட ஹீட்டர் என்றால் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஐந்து மணிக்கு நிரப்பவும்.

டேங்கின் பழைய தண்ணீரை வெளியேற்றிக் கழுவி, புதிதாக ஏற்றவும். ஷவர் தலை, குழாய் மூக்கிலுள்ள சல்லடை எல்லாவற்றையும் கழற்றி வினிகரில் போடு. எல்லாக் குழாயும் திறந்திருக்க, டேங்க் வால்வைக் கால் திருகல் மட்டும் திற. காற்று குமுறிக்கொண்டு வரும். மொத்தமாகத் திறந்தால் அந்தக் காற்றும் தண்ணீரும் சேர்ந்து அடித்து, காய்ந்த வாஷர்களைப் பெயர்க்கும். ஒவ்வொரு குழாயிலும் சீராக வந்ததும் மூடிக்கொண்டே போகவும், தாழ்வானதிலிருந்து உயரமானதுக்கு. முதல் இருபது லிட்டர் கலங்கல், விட்டுவிடவும். கெய்சரின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபின்தான் எம்சிபியை ஏற்ற வேண்டும். காலி கெய்சரில் சூடாக்கும் காயில் சில நிமிஷத்தில் போய்விடும்.

பின்னல் ட்யூப் ஒவ்வொன்றின் மூட்டிலும் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி அரை மணி நேரம் விடவும். கையால் தடவினால் தெரியாத கசிவு தாளில் தெரியும். ட்ராப்புகளில் ஆளுக்கொரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் தூளும் ஊற்றினால் பாரஃபின் கழுவிக்கொண்டு போகும். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த துணியை எடுத்துவிட்டு மூடி, பிளக்கை மாட்டவும். நிழல்வலையை மட்டும் கழற்றாதீர்கள். வருகிறவர் வேண்டாமென்றால் அவரே கழற்றிக்கொள்ளட்டும்.